பெனிசிமானி வாத்தியாரின் இறங்காத வலக்கை

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத்தான் எழுந்தேன். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறதென்று மருமகள் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாள், எடுத்தால் திட்டுவாள். ஆகவே என் முன்பல்லின் மேல் சத்தியம் செய்கிறேன். டியூபா ஊதுகிறவனுக்கு முன்பல்லைவிடப் பெரிய சொத்து கிடையாது. எனக்கு அதில் ஒன்றுதான் பாக்கி. இன்னொன்று போன வழியும் இதில் வரும்.

எங்கள் தீவு ஹாஅபாய்த் தீவுக்கூட்டத்தில் கடைசிக்கு முந்தியது. ஒரு முனையில் பன்றி வாட்டினால் மறுமுனையில் நாய் எழுந்து உட்காரும், அவ்வளவுதான் நீளம். இங்கே ஆணாகப் பிறந்தவன் எவனும் ஒரு காலத்தில் பெனிசிமானி வாத்தியார் முன்னால் பித்தளை வாத்தியத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றவன்தான். போலீஸ்காரன் லொபெத்தி கார்னெட். போதகர் செமிசி ட்ராம்போன். படகுக்கார இசிலேலி யூஃபோனியம். கலோலோவாகிய நான் டியூபா. மற்ற வாத்தியமெல்லாம் இரண்டும் மூன்றுமாக இருந்தன. டியூபா மட்டும் தீவுக்கே ஒன்றுதான். பெரிய பன்றியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஒரே டியூபா என்பதை மறக்காதீர்கள். என் உயிர் போகப் பார்த்தது அதனால்தான்.

வாத்தியார் யாரையும் அடித்ததில்லை. குளிர்காலக் காலைகளில் எங்கள் வாத்தியங்களின் ஊதுமுனைகளைத் தன் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி ஒவ்வொருவனுக்கும் கொடுப்பார். உதடு வெடித்தவனுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். அப்பா இல்லாதவன் வீட்டுக்குக் கிழங்கு கொண்டுபோய்ப் போடுவார். இவ்வளவு நல்ல மனிதரைக் கண்டு ஏன் பயந்தோம் என்று கேட்டால், அவர் பார்ப்பார். அவ்வளவுதான். அபஸ்வரம் வந்தால் ஊதியவனை ஒரு பார்வை பார்ப்பார். தீவுப் பிரபுவின் விருந்தில் மகீசி என்பவன், வாத்தியார் கை இறங்குமுன்னே கடைசி ஸ்வரத்தை விட்டுவிட்டான். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மகீசிக்கு விக்கல் வந்தது. அவனுக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான். விக்கல் இன்னும் நிற்கவில்லை. பேரனுக்கும் இருக்கிறது என்கிறார்கள், அதை நான் நம்பவில்லை.

அவருடைய சட்டம் ஒன்றுதான். "கை இறங்குற வரைக்கும் ஸ்வரம் என்னோடது. நீங்க சும்மா தூக்கிட்டு நிக்கிறீங்க. கீழ போட்டா, அடுத்தவன் சாமானக் கீழ போட்ட மாதிரி." லொபெத்தி போலீஸ் வேலைக்குப் போனதே இந்தச் சட்டத்தைக் கேட்டுத்தான்.

அவர் வலக்கையைத் தூக்கினால் மூச்சிழுக்க வேண்டும். இது சின்ன வயதில் எங்கள் எலும்புக்குள் போய்விட்டது. நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் வெளியே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவே, வாத்தியார் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையைத் தூக்கினார். ஆலயத்தில் அங்கங்கே உட்கார்ந்திருந்த பழைய மாணவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சிழுத்தோம். போதகர் செமிசியும் பிரசங்க மேடையில் நின்றபடி இழுத்தார். ஜன்னல்கள் படீரென்று உள்பக்கம் சாத்திக்கொண்டன. முன்வரிசைக் கிழவி ஒருத்தியின் தொப்பி பறந்து போதகர் முகத்தில் ஒட்டியது. வாத்தியார் கையை இறக்கிய பிறகுதான் அவர் அதை எடுத்தார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பெரிய தீவிலிருக்கிற பங்காய் ஊரில் சபை மாநாடு வரப்போகிறது, பழைய ஆட்களும் வந்து ஊதட்டும் என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். தொந்தியும் நரையுமாகப் போய்ச் சேர்ந்தோம். ஆலயத்துக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் மத்தியானம் ஒத்திகை. வாத்தியார் நடுத்தூணில் சாய்ந்து நின்றார். வயது எண்பதுக்கு மேல். பாட்டு முடிவுக்கு வந்தது. எங்கள் ஊரில் ஸ்வரங்களுக்கு எண்தான் பெயர். மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும். ஒன்றும் இரண்டும் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. பாட்டு எங்கே சுற்றினாலும் மூன்றுக்குத்தான் வீடு திரும்பும். நாங்களும் மூன்றுக்கு வந்து நின்றோம். வாத்தியார் வலக்கையை உயர்த்தி அந்த ஸ்வரத்தைப் பிடித்தார்.

பிடித்தார். விடவில்லை.

சரி, சோதிக்கிறார் என்று நினைத்தோம். ஸ்வரம் அறுந்துபோகாமல் பக்கத்தில் இருப்பவனும் நாமும் மாறி மாறி மூச்சு வாங்குகிற வித்தையை அவரே சொல்லித்தந்திருக்கிறார். எல்லாரும் அப்படியே வாங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் இன்னொரு டியூபா இல்லை. நான் மூக்கு வழியாகத் திருட்டுத்தனமாக இழுத்துக்கொண்டேன்.

அப்போது அந்த ஈ வந்தது. ஆலயத்தில் வந்த அதே ஈ என்று நான் சொல்லமாட்டேன்; மிகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. அது வாத்தியாரின் மூக்கில் உட்கார்ந்தது. அங்கிருந்து உதட்டுக்கு நடந்தது. உதட்டிலிருந்து திறந்திருந்த வலக்கண்ணுக்கு நடந்தது. கண் இமைக்கவில்லை.

ஓரக்கண்ணால் லொபெத்தியைப் பார்த்தேன். அவனும் ஈயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் உப்பியபடி அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கொட்டகை முழுக்க அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. ஒருவனும் நிறுத்தவில்லை. கை இறங்கவில்லையே!

என் மனைவி சேலாதான் தீவுக்கு நர்ஸ். இரைச்சல் ஏன் நிற்கவில்லை என்று பார்க்க வந்தாள். வாத்தியாரின் உடம்பைத் தொடுகிற தகுதி எங்களில் யாருக்கும் கிடையாது. சேலா மார்பில் வைத்துப் பார்க்கும் குழாயின் நுனியை மட்டும் எட்ட நின்று வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"போயிட்டாரு. நிறுத்துங்க."

யாரும் நிறுத்தவில்லை.

"செவிடா எல்லாரும்? மனுசன் செத்துட்டாருங்கிறேன்! அப்பறம் யாருக்கு ஊதுறீங்க?"

லொபெத்தி, பக்கத்துக் கார்னெட்டிடம் ஸ்வரத்தை ஒப்படைத்துவிட்டு வாயை எடுத்தான். "அக்கா, கை இன்னும் எறங்கல."

"பொணம் எப்பிடிடா கைய எறக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. எறங்கல. சட்டம் சட்டந்தான்."

"உன் சட்டத்துல தீய வைக்க! விறைச்சுப் போயிருக்குடா. நாளைக்கு மத்தியானம் போலத் தானாத் தளரும்."

"அப்ப நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஊதுறோம்," என்றான் லொபெத்தி. "உயிரோட பார்த்ததுக்கே மகீசிக்கு விக்கல். இப்பப் பார்த்தா என்ன ஆவும்?"

கொட்டகை வாசலில் நின்ற மகீசி விக்கினான்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் தீவில் ஒருவர் வேலையைப் பாதியில் விட்டுச் செத்துப்போனால், அதைக் கெடுத்தவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார். முதலில் காய்ச்சல் வரும். அப்புறம் கல்லறைப் பக்கமே நடந்து நடந்து போவான். இலைச்சாறு கண்ணில் விட்டுப் பார்ப்பார்கள். சிலர் திரும்பியிருக்கிறார்கள். திரும்பாதவர்கள் பெயரை நாங்கள் சொல்வதில்லை. மற்றவர்கள் மாற்றிக்கொண்டு ஊதலாம். ஸ்வரத்தைக் கீழே போடப்போகிறவன் யார் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

சேலாவும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. கிட்டே வந்து காதோரம் குனிந்தாள்.

"கல்யாணத்துல 'சரி'ன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கே மூச்சு வாங்கின ஆளு நீ. உன்னால ஆவுமாய்யா?"

நான் தலையசைத்தேன். ஆமென்றா இல்லையென்றா என்று எனக்கே தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேகவைத்த கிழங்கைக் கொண்டுவந்து என் கடைவாய் வழியாக விரலால் திணித்தாள். "தின்னு. செத்தா சோத்தோட சாவு."

மூக்கு வழியாக இழுத்தால் ஸ்வரம் ஆடியது. ஆடும்போதெல்லாம் வாத்தியாரின் கண் என் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது. வேறு வழி தேடினேன். சாயங்காலத்துக்குள் இடது காதால் மூச்சிழுக்கக் கற்றுக்கொண்டேன். பழகினால் கஷ்டமில்லை. இன்றும் புயற்காற்று நாட்களில் இடது காதைப் பொத்திக்கொண்டுதான் வெளியே போகிறேன்; இல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும்.

போதகர் செமிசி ட்ராம்போனை இறக்கிவிட்டு ஜெபம் செய்தார். ஜெபம் அவருக்கே போதவில்லை போலிருக்கிறது, முடித்ததும் சொன்னார்: "அந்தக் கைய எறக்க ஒருத்தராலதான் முடியும். லவீனியா அத்த."

லவீனியா, வாத்தியாரின் அக்கா. எங்களுக்கு அக்காவுக்கு மேல் யாரும் கிடையாது. தம்பி வீட்டுக்குள் வந்து அவள் கைகாட்டினால் பன்றியானாலும் பாயானாலும் எடுத்துப்போகலாம். ஏன் என்று கேட்க முடியாது. தம்பி செத்தால் தலைமாட்டில் உட்காரும் உரிமையும் அவளுக்குத்தான். வாத்தியாரை அப்பாவாக நினைத்ததால் அவள் எங்கள் எல்லாருக்கும் அத்தை. ஆனால் வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழ் உட்காரக் கூடாது; சேர்ந்து சிரிக்கக் கூடாது; ஒரே பாட்டைப் பக்கத்தில் நின்று கேட்கக் கூடாது. லவீனியா அத்தை பக்கத்துத் தீவில் வாக்கப்பட்டவள். இங்கே வரும்போது எங்கிருந்தாவது பேண்டு சத்தம் வந்தால் எழுந்து தீவின் மறுமுனைக்குப் போய்விடுவாள். தம்பி ஊரையே ஊதவைத்த அத்தனை வருஷத்தில், அவள் ஒரு பாட்டையும் பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

இசிலேலி யூஃபோனியத்தை இன்னொருவனிடம் தள்ளிவிட்டுப் படகெடுத்துப் போனான். போய்த் திரும்பி வந்தவன் வெளிறிப் போயிருந்தான்.

"அத்த வரலியா?" என்றாள் சேலா.

"காலைல வருவாங்களாம். பொணத்துக்குப் போடப் பாய் கொண்டு வரணுமாம், அது இன்னும் ஓரம் முடியலியாம். 'வெறுங்கையோட வந்து நிக்கச் சொல்றியா என்னை?'ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச முடியும்?"

"கலோலோ செத்துருவான்னு சொன்னியா?"

"சொன்னேன். 'அவனுக்கும் ஒரு பாய் எடுத்துட்டு வரேன்'னாங்க."

அந்த ராத்திரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இருட்டாக இருந்தது.

ஆனால் அந்த ஸ்வரம் கடல்மேல் போயிருக்கிறது. சுற்றுத் தீவுகளில் இருந்த பழைய மாணவர்கள், காது கேளாதவர்கள் உட்பட, படகுகளில் வந்து இறங்கிக்கொண்டேயிருந்தார்கள். ஒருவரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. உள்ளே வந்து, கையைப் பார்த்து, முகம் செத்து, வாத்தியத்தை எடுத்து மூன்றில் சேர்ந்துகொண்டார்கள். ஆக்லாந்தில் இறைச்சிக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவன், முதல் நாள் மத்தியானம் இழுத்த மூச்சு வெளியே வரமாட்டேனென்கிறது என்று தபாலாபீஸுக்குப் போன் செய்தானாம். பேசியது அவன் மனைவி. அவன் பக்கத்தில் நீலமாக நின்றிருக்கிறான். போனை வைக்காதே என்று சொல்லி, அவன் ட்ராம்போனை அதில் ஊதவிட்டு, தபாலாபீஸ்காரர் இந்த முனையை ஜன்னல் வழியாக எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். டியூபாக்காரன் மட்டும் எவனும் வரவில்லை.

விடிந்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். கவனிக்காமலே இருந்திருக்கலாம்.

வாத்தியாரின் தூக்கிய கையில் நான்கு விரல் மடங்கியும் மடங்காமலும் இருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் நேராக நீட்டியிருந்தது. என்னைப் பார்த்து.

நாற்காலியோடு இடதுபக்கம் நகர்ந்தேன். விரல் என்னைத்தான் காட்டியது. டியூபாவையும் இழுத்துக்கொண்டு வலதுபக்கம் நகர்ந்தேன். அப்போதும் என்னைத்தான். பக்கத்தில் இருந்த லொபெத்தி அதைப் பார்த்துவிட்டான். தன் நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டான். அப்புறம் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். கொட்டகை நடுவில் நான், டியூபா, அந்த விரல். கூட்டிப்போக ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். டியூபாவுக்குள் என் இதயம் அடிப்பது எனக்கே கேட்டது. என் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது.

சேலா வாசலில் நின்று வாத்தியாரிடம் பேசினாள். "ஐயா, அவரு ஒன்னுத்துக்கும் ஒதவாத ஆளுங்க. கூட்டிட்டுப் போனா உங்களுக்குத்தான் தொல்ல. கொறட்ட விடுவாரு." என் கல்யாண வாழ்க்கையில் அவள் எனக்காகப் பரிந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

சூரியன் நன்றாக ஏறிய பிறகு லவீனியா அத்தை வந்தாள். துக்கத்துக்கான கிழிந்த பெரிய பாய் உடம்பைச் சுற்றிக் காதுவரை நின்றது. நடந்து வரும்போது ஒரு குடிசை நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. பின்னால் இரண்டு பேர் இரண்டு பாய் தூக்கிவந்தார்கள். ஒன்று பெரியது, நல்ல வேலைப்பாடு. இன்னொன்று சுமார். அந்தச் சுமாரான பாய் யாருக்கென்று பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலில் நின்றாள். கூரையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கால் எடுத்து உள்ளே வைத்தாள். தம்பிக்கு மீசை முளைத்ததற்குப் பிறகு அவர் இருக்கிற கூரைக்குக் கீழ் அவள் வந்தது அன்றைக்குத்தான். போய்த் தலைமாட்டில் உட்கார முடியவில்லை, தலை நின்றுகொண்டிருந்தது. ஆகவே எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை," என்றார் போதகர், முழங்காலில் நின்றுகொண்டு. "கைய எறக்கி விடுங்க. நீங்க ஒருத்தர்தான் தொடலாம். பசங்க சாவுறாங்க."

"யாரு பசங்க? எல்லாம் கெழங்க." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சும்மா இருடா செமிசி. நான் கேக்குறேன்."

"அத்தை..."

"இத்தன வருசமா இவன் பாட்டு ஊருக்கே கேட்டுது. எனக்குக் கேக்கலியே! இப்பதான் கேக்குறேன். ஊதுங்க."

ஊதினோம். என் கண்ணுக்கு முன்னால் மின்மினி பறந்தது. இடது காது சூடேறிச் சிவந்து, அதிலிருந்து ஒரு மணல் வாடை வந்தது. பல் ஆடியது. இனி ஒரு மூச்சு, கூடினால் இன்னொரு மூச்சு. அதற்கப்புறம் ஸ்வரம் கீழே விழும். விழுந்தால் அந்த ஈ நடந்த கண் என்னைப் பார்க்கும்.

லவீனியா அத்தை கண்ணைத் திறந்தாள்.

"அவன் யாரு, அந்தப் பெரிய பித்தளைய மடியில வச்சிருக்கிறவன்?"

"கலோலோ, அத்தை," என்றாள் சேலா. "என் வீட்டுக்காரரு."

"சுருதியக் கொஞ்சம் கீழ ஊதுறான்."

"நேத்து மத்தியானத்துலேர்ந்து கீழதான் ஊதியிருப்பான். அதான் என் தம்பி கைய எறக்கல." அத்தை முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "சின்ன வயசுலயே இப்பிடித்தான். சேவல் ஒன்னு அபஸ்வரமாக் கூவுதுன்னு கைய நீட்டிக்கிட்டு அதும் முன்னால நிப்பான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான். சேவல் சரியாக் கூவுற வரைக்கும் எங்களுக்கும் சோறு கெடையாது. எத்தன நாளு பட்டினி போட்டிருக்கான் தெரியுமா? இதுல நான் கைய எறக்கினா வேற வென வேணுமா? ராத்திரியெல்லாம் வந்து என் கால்மாட்டுல நிப்பான், விரல நீட்டிக்கிட்டு." என் பக்கம் திரும்பினாள். "டேய், மேல ஏத்துடா. கொஞ்சூண்டு."

நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் கீழே ஊதுகிற ஆளில்லை. டியூபா குளிர்ந்திருந்தது. ஆனால் அதை விளக்கிச் சொல்லும் நிலையில் அப்போது நான் இல்லை. அந்த விரலைப் பார்த்தேன். வாத்தியார் என்னைக் கூட்டிப்போகக் கைநீட்டவில்லை, திருத்தக் கைநீட்டியிருக்கிறார். அது தெரிந்ததும் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடியது. சாவென்றால் சும்மா செத்துப்போகலாம். இது சரியாக ஊதியாக வேண்டும்.

கடைசியாக இருந்த காற்றையெல்லாம் கூட்டினேன். உதட்டை இறுக்கினேன். ஸ்வரம் அசையவில்லை. இன்னும் இறுக்கினேன். முன்பல் வேரோடு கழன்றது. ஊதுமுனைக்குள் புகுந்து, குழாயின் வளைவு ஒவ்வொன்றிலும் முட்டி முட்டிக் கலகலவென்று உருண்டு, எங்கேயோ உள்ளே போய் நின்றது. பல் போன சந்து வழியாகக் காற்று மெல்லியதாகப் பாய்ந்தது.

ஸ்வரம் ஏறியது. ஏறி, மற்றவர்களுடைய மூன்றில் போய் உட்கார்ந்தது. தனித்தனியாக நின்ற குரல்கள் இல்லாமல் போய் ஒரே குரலானது. கூரைத் தகரம் முழுக்கப் பாடியது. ஆலய மணி யாரும் தொடாமல் அதே மூன்றை அடித்தது. ஆற்றுவாய்க்கு வெளியே திமிங்கிலம் ஒன்று நிமிர்ந்து நின்று கேட்டதாக இசிலேலி சொல்கிறான். எங்கள் தீவில் ஆறு கிடையாது, அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

வாத்தியாரின் வலக்கை இறங்கியது.

தடாலென்று விழவில்லை. எப்போதும் இறங்குகிற மாதிரி, ஒரு குழந்தையைப் பாயில் படுக்கவைக்கிற மாதிரி, மெல்ல இறங்கி, தொடைமேல் பட்டது. நாங்கள் நிறுத்தினோம். எல்லாரும், ஆக்லாந்துக்காரன் உட்பட, ஒரே நொடியில். ஒருத்தனும் முந்தவில்லை, ஒருத்தனும் பிந்தவில்லை. அப்படி ஒரு முடிவை நாங்கள் அவர் உயிரோடிருந்தபோது ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

மகீசிகூட விக்கவில்லை.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. ஸ்வரத்தை நிறுத்த அவர் கையை இறக்கிவிட்டார். மூச்சிழுக்க யார் கையைத் தூக்குவது? எங்களில் ஒருவனுக்கும் மூச்சு உள்ளே போகவில்லை. லொபெத்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டான். போதகர் ட்ராம்போன்மேல் சாய்ந்தார். கொட்டகை நிறைய நரைத்த தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறின. எனக்குக் காதும் அடைத்துக்கொண்டது. சேலா என் முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். "இழுய்யா! இழு! யாராவது எதையாவது பண்ணுங்களேன்!"

லவீனியா அத்தை அதையெல்லாம் கவனிக்கவில்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ இன்னும் அங்கேயே இருந்தது.

"ஒத்தப் பாட்டுதான்டா கேட்டேன்," என்றாள் அவரிடம். "அதும் கடேசி ஸ்வரம் மட்டும்." பிறகு ஈயை ஓட்டக் கையைத் தூக்கினாள்.

நாங்கள் மூச்சிழுத்தோம்.

ஜன்னல்கள் உள்பக்கம் சாத்திக்கொண்டன. அத்தையைச் சுற்றியிருந்த பாய் காற்றில் விரிந்து நின்றது. அவள் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு எங்களை ஒரு சுற்று பார்த்தாள். அந்தப் பார்வை எங்களுக்குத் தெரிந்த பார்வை. மகீசிக்கு மறுபடி விக்கல் வந்தது.

"ஓ," என்றாள் அத்தை. "இப்பிடித்தானா?"

சாயங்காலம் வாத்தியாரைப் பெரிய பாயில் சுற்றிப் புதைத்தோம். வெள்ளை மணலைக் கொட்டிக் கறுப்புக் கல் பரப்பினோம். சுமாரான பாயை லவீனியா அத்தை திருப்பி எடுத்துப்போகவில்லை; என் மடியில் போட்டாள். "வச்சிக்க. என்னிக்காவது தேவப்படும்." நான் இப்போது அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாநாட்டில் எங்களுக்குக் கைகாட்டியது அத்தைதான். அதற்குப் பிறகும் அவள்தான். அவளிடம் யாரும் ஸ்வரத்தைக் கீழே போட்டதில்லை. கல்லறையில் வருஷத்துக்கு ஒருமுறை ஊதும்போது மட்டும், கடைசி மூன்றில் அவள் கையை இறக்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஊதுவோம். என் பல் இன்னும் டியூபாவுக்குள்தான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து ஆட்டிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். பெனிசிமானி வாத்தியாருக்கு வலக்கை பிறவியிலேயே கிடையாது.